இரண்டு மணி நேரம் கழித்து

எங்கள் குடும்பத்தில் ரத்தப் பரிசோதனைக்கென்றே ஒரு பத்தியம் உண்டு. வியாழக்கிழமை லேபுக்குப் போவதாக இருந்தால் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடும். காபியில் சர்க்கரை கிடையாது. ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி. முறுக்கு டப்பா பரணுக்குப் போய்விடும். சித்தப்பா ஒரு படி மேலே போய்ப் பாகற்காய்ச் சாறு குடிப்பார். வெறும் வயிற்றில் 118, சாப்பிட்டபின் 160 என்று வந்த சீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அன்று மத்தியானமே பால் பாயசம். அப்புறம் மூன்று மாதத்துக்கு சுகர் என்ற பேச்சே கிடையாது.

போன தடவை டாக்டர் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு ஹெச்பிஏ1சி எழுதிக் கொடுத்தார். 8.4 வந்தது. "லேப்ல ஏதோ மாத்திட்டானுங்கடா" என்றார் சித்தப்பா.

லேபில் எதுவும் மாறவில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஹெச்பிஏ1சி. கடைசி இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு அதில் இருப்பதால் மூன்று நாள் பாகற்காய் அதை அசைக்காது. 7 என்று வந்தால் சராசரியாக 154 ஓடியிருக்கிறது, 8.4 என்றால் 194 வாக்கில். பாயசமும் கணக்கில் வந்துவிட்டது.

ஆனால் அந்த எண்ணையும் நான் முழுதாக நம்பி உட்கார மாட்டேன். அது சராசரி. நாள் முழுக்க 120க்கும் 180க்கும் நடுவில் ஓடுகிறவருக்கும், 60க்குச் சரிந்து 260க்கு ஏறுகிறவருக்கும் ஒரே எண் வரலாம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்; ரத்த அணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய்களில் குறைத்துக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் தட்டு சுகரை ஏற்றியது என்று அது வாயைத் திறக்காது. வெண்பொங்கலா, ராத்திரி உப்புமாவா, சாயங்காலம் டீயோடு வந்த பிஸ்கட்டா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் இருக்கிற சின்ன மெஷின்தான் வேண்டும்.

மெஷின் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023ல் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கு சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். மெஷினை வாங்குகிறோம், சரி. அதையும் பரீட்சைபோலத்தான் வைத்துக்கொள்கிறோம். காலையில் எழுந்து வெறும் வயிற்றில் ஒரு குத்து, 112, 'பாஸ்', பெட்டியை மூடு. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட அன்று பெட்டி வெளியே வராது.

எனக்கு டைப் 2 என்று தெரிந்து சில வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஸ்ட்ரிப்பை ஜோடியாகச் செலவழிக்க வேண்டும். சாப்பிட உட்காரும் முன் ஒன்று. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கை கழுவின நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, முதல் வாயிலிருந்துதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தட்டின் பதில். 50க்குள் ஏறியிருந்தால் அந்தத் தட்டை நான் தொந்தரவு செய்வதில்லை. 80, 90 என்று போனால் அளவு குறையும், அல்லது கூட ஏதாவது சேரும். இது என் சொந்தக் கணக்கு. பொதுவாக டாக்டர்கள் சொல்லும் இலக்கு சாப்பிடுமுன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள். வயதானவர்கள், இதய நோயாளிகள், அடிக்கடி சுகர் இறங்கிவிடுகிறவர்களுக்கு இதைத் தளர்த்துவார்கள். உங்கள் எண் எது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தினம் ஜோடி போட்டால் கட்டுப்படியாகாது. ஒரு ஸ்ட்ரிப் இருபது, முப்பது ரூபாய் ஆகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்திருக்கிறேன். இந்த வாரம் இட்லி. நாலு இட்லி தேங்காய்ச் சட்னியோடு ஒருநாள், மூன்று இட்லி ஒரு கிண்ணம் சாம்பாரோடு இன்னொரு நாள். அடுத்த வாரம் வேறு. சீக்கிரமே நம் வீட்டுச் சமையலின் யோக்கியதை எல்லாம் ஒரு நோட்டுக்குள் வந்துவிடும்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். சொன்னால் சிரிக்கிறார்கள். ஜப்பானில் 2011ல் ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரை நோயே இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரலில் குத்திப் பார்த்தார்கள். எண் எகிறிவிட்டது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. தண்ணீரில் கழுவியபிறகுதான் உண்மையான எண் வந்தது. நம் வீடுகளில் மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திவிட்டு, "மாத்திரை வேலை செய்யலியே" என்று கவலைப்படுகிறவர்கள் எத்தனை பேரோ. விரலின் நடு மெத்தையில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று பிதுக்கோ பிதுக்கென்று பிதுக்கக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூட வேண்டும், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

இன்னொன்று. ஒரே நிமிஷத்தில் இரண்டு விரலில் குத்தி 142, 156 என்று வந்தால் மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்றுதான் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. அதாவது லேபில் 150 என்றால் மெஷினில் 128ம் வரலாம், 172ம் வரலாம். தவிர, சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதனால்தான் ஆபத்து. அதே தட்டை இன்னொரு நாள் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

வீட்டில் மெஷின் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1969ல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க எஞ்சினியர், சிறுவயதிலிருந்தே டைப் 1 உள்ளவர், ஒரு விளம்பரத்தில் புது மீட்டரைப் பார்த்தார். ஆஸ்பத்திரிகளுக்கென்று செய்தது. எடை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ, விலை 650 டாலர். நோயாளிகளுக்கு விற்க மாட்டோம், டாக்டருக்குத்தான் என்றார்கள். அவர் மனைவி டாக்டர். அவர் பேரில் வாங்கிவிட்டார். தினம் ஐந்தாறு தடவை குத்திப் பார்த்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதியே தன் உடம்பைத் தேற்றிக்கொண்டார். அவர் சொன்னதை மருத்துவ இதழ்கள் கண்டுகொள்ளவில்லை. மனுஷன் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். அவர் சிபாரிசு செய்த மிகக் கடுமையான சாப்பாட்டு முறை என்னால் ஆகாது. அந்த நோட்டுப் புத்தகப் பழக்கம் ஆகும்.

சரி, தட்டுக்கு வருவோம்.

நம் ஊரில் சுகர் என்று தெரிந்த அன்று ராத்திரியே வீட்டில் சப்பாத்தி போட ஆரம்பித்துவிடுவார்கள். சோறு வில்லன், கோதுமை மருந்து. கணக்குப் பார்த்தால் முப்பது கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டவர், ஒன்றரைக் கிண்ணம் சோறு சாப்பிட்டவரைவிட எந்த விதத்தில் மேல்? 2025ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் கட்டுரை இதைத்தான் சொன்னது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை.

கேழ்வரகுக்கும் இது பொருந்தும். பாலிஷ் போட்ட அரிசியைவிட நார்ச்சத்து அதிகம், கால்சியம் அதிகம், மறுப்பே இல்லை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி மடமடவென்று குடித்தால் வயிற்றில் தங்காமல் ஓடி ரத்தத்தில் ஏறிவிடும். என் நோட்டில் காலைக் கஞ்சிக்கு நேரே இருக்கும் எண் இட்லிக்கு நேரே இருப்பதைவிட மோசம். அரைப்பதும் குழைப்பதும் குடிப்பதும் எந்தத் தானியத்தையும் வேகமாக்கும். மெல்ல வேண்டியதாக இருந்தால் மெதுவாகத்தான் ஏறும்.

பழைய சோற்றின் புகழும் இப்போது யூடியூபில் பாடப்படுகிறது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுவது உண்மை. இந்தோனேசியாவில் 2015ல் பார்த்தபோது, அப்போது வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராம், ஒரு நாள் குளிரில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். கூடியிருக்கிறது, சரி. மிச்சமுள்ள இருபத்தாறு கிராம்? அது சோறாகத்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் சின்ன வெங்காயத்தோடு ஒரு சின்னக் கிண்ணம் நானும் சாப்பிடுகிறேன், ருசிக்காக.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் பற்றி ஒரே வரி: மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எனக்கு உண்மையில் உதவியது நம் மத்தியானச் சாப்பாட்டின் அமைப்பையே கொஞ்சம் புரட்டிப் போட்டதுதான். நாம் சாப்பிடும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு தரம் சோறு, ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். மூன்று தரம் சோறு போட்டாக வேண்டும் என்பது பரிமாறுகிறவர்களுக்கு எழுதாத சட்டம். கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள மட்டும். "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்கிறோம், காய் அவ்வளவு கீழே இருக்கிறது. இதில் ரசத்தை எடு, மோரை எடு என்று டயட் சீட்டு எழுதிக் கொடுப்பவரை எந்தத் தஞ்சாவூர்க்காரனும் மன்னிக்க மாட்டான். நான் எதையும் எடுக்கவில்லை. உட்கார்ந்ததும் முதலில் ஒரு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் கூட்டு, முட்டையோ சுண்டலோ மீனோ இருந்தால் அது. இவ்வளவும் வெறுமனே உள்ளே போனபிறகு சோறு. சாம்பாருக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு அரை, மோரை டம்ளரில் குடித்துவிடுவது. சாம்பாரில் தண்ணீருக்குப் பதில் பருப்பு தெரிய வேண்டும் என்பது மட்டும் சமையலறைக்கு வைத்த கோரிக்கை.

காயை முதலில் தின்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015ல் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒருநாள் ரொட்டியும் ஜூஸும் முதலில், இன்னொரு நாள் காயும் கோழியும் முதலில். ரொட்டி கடைசியில் போன நாளில் ஒரு மணி நேரத்தில் சுகர் 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதனால்தான் என் விரலிலும் கேட்டுப் பார்த்தேன். கத்தரிக்காய்ப் பொரியலும் கீரைக் கூட்டும் முதலில் போன நாட்களில் ஏற்றம் பாதியாகத்தான் இருந்தது. அதில் சோறு குறைந்ததற்கும் பங்கு உண்டு. வயிற்றில் காய் இருந்தால் கை தானாகவே இரண்டாம் கரண்டிக்குப் போகாது.

டிபனில் அடைதான் ராஜா. மூன்று பருப்பு போட்டுக் கொரகொரப்பாக அரைத்த அடை இரண்டு சாப்பிட்டால் எண் கண்ணியமாக இருக்கிறது. பெசரட்டும் அப்படியே. உளுந்து வடை, இட்லியைவிடக் குறைவாக ஏற்றியதைப் பார்த்து அசந்துபோனேன். பருப்பும் எண்ணெயும் சேர்ந்தால் அப்படித்தான். அதற்காக வடையை மருந்தென்று சொல்ல வரவில்லை. இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

வெண்பொங்கல் கள்ளன். இரண்டு மணி நேரத்தில் குத்தினால் நல்ல பிள்ளை மாதிரி 150 காட்டினான். சந்தேகத்தில் மூன்றரை மணி நேரத்தில் பார்த்தால் 190. நெய் வயிற்றைக் காலியாக விடாமல் பிடித்து வைத்திருந்து, மாவுச்சத்தைத் தாமதமாக இறக்குகிறது. பிரியாணி, பரோட்டா சால்னா எல்லாம் இந்த ஜாதி. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்றவருக்கு மறுநாள் காலை 'வெறும் வயிறு' உயரமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கையில் ஒட்டும் சென்சார் வந்துவிட்டது. பதினாலு நாளைக்குச் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அளந்துகொண்டே இருக்கும். தோலடி நீரில் அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிஷம் பின்னால் ஓடும். விலை சில ஆயிரம். முடிந்தவர்கள் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். பொங்கல் போன்ற கள்ளர்களை அது சுலபமாகப் பிடிக்கும்.

பரோட்டா பக்கமே போகாமல் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்தும் காலையில் ஏறியிருக்கிறதே என்று புலம்புகிறவர்களும் உண்டு. விடியற்காலையில் உடம்பு எழுவதற்குத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் கூடும். கல்லீரல் சேர்த்து வைத்த குளுக்கோஸை வெளியே விடும். இன்சுலின் சரியாக வேலை செய்கிறவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். சாப்பிடாமல் ஏறிய இந்தச் சுகருக்குக் காலைச் சாப்பாட்டை விட்டுப் பட்டினி கிடப்பது வைத்தியம் ஆகாது. டாக்டரிடம் அந்தக் காலை எண்களை வரிசையாகக் காட்டினால் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. விடிகாலைப் பூங்கா நடை நல்லதுதான், ஆனால் சுகருக்கு அடி சாப்பிட்டபின் நடப்பதில் இருக்கிறது. நியூஸிலாந்தில் 2016ல் டைப் 2 உள்ளவர்களை வைத்துப் பார்த்தார்கள். தினம் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிஷம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிஷம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் 12 சதவீதம் குறைந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். என் வீட்டில் மொட்டை மாடி. போனில் பேச வேண்டிய சொந்தக்காரர்களை எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

லேபுக்குப் போகும் அன்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும்வரை சரி. அதன்பின் வழக்கமான மாத்திரை, வழக்கமான டிபன், அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். நாம் சாதாரணமாக எப்படி இருக்கிறோம் என்றுதானே டாக்டருக்குத் தெரிய வேண்டும்? சந்தேகம் இருந்தால் போகுமுன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

விளையாட்டில்லாத விஷயம் ஒன்று. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சுகர் தாழ்நிலைக்கு விழுவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அப்படியில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு ஏகாதசி என்று பட்டினி இருப்பது, கந்த சஷ்டிக்கு ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாடு, ரமலான் நோன்பு, இதெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு செய்ய வேண்டியவை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தரம். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை உங்களுக்குத் தெரிவதைவிடக் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது முக்கியம்.

சித்தப்பாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் "பாயசம் முன், பாயசம் பின்" என்று எழுதி 131, 248 என்று நேர்மையாகப் போட்டிருந்தார். அதை டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். "அதைத்தான் சித்தப்பா முதல்ல காட்டணும்" என்றேன். காட்டியும் விட்டார். அவர் பயந்ததுபோல் திட்டு விழவில்லை. டாக்டர் நோட்டை நின்று நிதானமாகப் புரட்டினாராம், லேப் சீட்டை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லையாம்.

இப்போது மாம்பழ சீசன். நூறு கிராம் சதையில் மாவுச்சத்து சுமார் 15 கிராம்தான், சோற்றைவிடக் குறைவு. வம்பு எங்கே என்றால், மூன்று தரம் சோறு உண்டபின் அதன் தலைமேல் ஒரு முழுப் பழத்தை ஏற்றுகிறோம். நான் மத்தியானச் சாப்பாட்டோடு அதைச் சேர்ப்பதில்லை. சாயங்காலம் முறுக்குக்குப் பதிலாக பங்கனப்பள்ளியில் ஒரு கதுப்பு. இரண்டு மணி நேரத்தில் 40 ஏறியது, ஒப்புக்கொள்ளக்கூடிய எண். இமாம்பசந்துக்கு இன்னும் ஸ்ட்ரிப் செலவழிக்கவில்லை. கிலோ என்ன விலை விற்கிறதோ, அந்தப் பயமே இப்போதைக்கு அளவைக் கட்டுப்படுத்துகிறது.